பழைய குடும்ப வேதாகமம் யாருடையது? வாரிசுகளைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

பழைய பேப்பர் கடையிலோ, காலி செய்த வீட்டுப் பரணிலோ, பெயர் எழுதிய ஒரு வேதாகமம் உங்கள் கைக்கு வந்திருக்கலாம். உள்ளே பிறப்பும் கல்யாணமும் இறப்பும் வரிசையாக எழுதியிருக்கும். அதை எடைக்குப் போட மனம் வராது, அடுத்தவர் வீட்டுச் சொத்தை நம் அலமாரியில் வைத்துக்கொள்ளவும் மனம் வராது. அப்படி ஒரு நூலை உரிய குடும்பத்தில் சேர்க்கும் வேலையைத் தொடக்கம் முதல் கடைசிவரை நானே செய்தேன். எந்த ஏடு எங்கே இருக்கும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் நிறைய அலைந்தேன். நீங்கள் அப்படி அலைய வேண்டியதில்லை.

நான் சொல்வது பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்துச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக் குடும்பங்களை வைத்து. மற்ற ஊர்களுக்கும் முறை இதுதான், ஏடுகள் இருக்கும் இடம் மட்டும் மாறும். செலவு பெரும்பாலும் பஸ் கட்டணமும் ஜெராக்ஸும்தான். காலம்தான் தாராளமாக வேண்டும். சில மாதங்கள் ஆகும் என்று நினைத்துத் தொடங்குங்கள்.

1. முதலில் எதையும் எடுக்காதீர்கள், படம் எடுங்கள்

அட்டை, முதுகு, முன்பக்க வெற்றுத்தாள், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் உள்ள தாள்கள், கடைசிப் பக்கங்கள் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படமெடுங்கள். குடும்பக் குறிப்புகள் அதிகமாக இருப்பது அந்த நடுத்தாள்களில்தான்.

பிறகு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். காணிக்கை உறை, சங்கச் சந்தா ரசீது, ஞாயிறு பள்ளிப் பரிசுச் சீட்டு, நினைவு ஆராதனை அட்டை, கல்யாணப் பத்திரிகையின் ஓரம், இப்படி ஏதாவது செருகியிருக்கும். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்த பிறகே வெளியே எடுங்கள். ஊர்ப்பெயரும் சபைப்பெயரும் கையெழுத்துக் குறிப்பில் இல்லாமல் இந்தத் துண்டுகளில் கிடைப்பது உண்டு. எனக்குத் திறவுகோலாக அமைந்தது அந்த வேதாகமத்தின் சங்கீதப் பகுதி நடுவில் நான்காக மடித்துக் கிடந்த ஒரு சந்தா ரசீது. அதில் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) பெயர் ரப்பர் முத்திரையாகப் பதிந்திருந்தது.

பென்சில் எழுத்து மங்கியிருந்தால் அறையை இருட்டாக்கி, கைப்பேசி டார்ச்சைப் பக்கத்துக்குச் சமமட்டமாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். தாளில் அழுந்திய தடம் நிழலாகத் தெரியும். செல்லோடேப் ஒட்டுவது, எழுத்தின் மேல் பேனாவால் திரும்ப எழுதுவது இரண்டும் கூடவே கூடாது. வம்சாவளிக் குறிப்பும் கல்லறை வாசகமும் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்றவை. நாளைக்கு யாருக்காவது அது ஆவணமாகத் தேவைப்படலாம். நீங்கள் ஒரு கோடு இழுத்தாலும் அதன் நம்பகத்தன்மை போய்விடும்.

2. அச்சான காலத்தையும் எழுதிய காலத்தையும் பிரித்துப் பாருங்கள்

தலைப்புப் பக்கம் இருந்தால் ஆண்டு அங்கேயே இருக்கும். கிழிந்து போயிருந்தால் ஆதியாகமத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். ‘பராபரன்’ என்றிருந்தால் அது பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய மிஷனரி பப்ரிசியுஸ் வழி வந்த மொழிபெயர்ப்பு. ‘தேவன்’ என்றிருந்தால் பெரும்பாலும் பல சபைகள் சேர்ந்து செய்து 1871-இல் முழுமையாக வந்த ஒன்றிய மொழிபெயர்ப்பு அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. ‘கடவுள்’ என்றிருந்தால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமா என்று முதலில் பாருங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘பராபரன்’ என்றாலே மிகப் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லுத்தரன் சபையார் அந்த மொழிபெயர்ப்பை நெடுங்காலம் கைவிடவில்லை. அதனால் அது காலத்தைக் காட்டுவதை விடச் சபையைக் காட்டும். தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி பக்கம் தேட வேண்டும் என்பதற்கு அது நல்ல குறி.

அச்சான ஆண்டுக்கு முந்தைய பிறப்புகள் உள்ளே இருந்தால், அவை வேறொரு பழைய நூலிலிருந்து மொத்தமாகப் பார்த்து எழுதப்பட்டவை. ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு என்றால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தேதிகளில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். மையும் கையெழுத்தும் மாறத் தொடங்கும் இடத்திலிருந்துதான் அந்தந்த நாளில் எழுதிய பதிவுகள் வருகின்றன. நீங்கள் நம்ப வேண்டியது அவற்றைத்தான்.

3. தேதிகளைச் சரியாக வாசியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கையெழுத்தில் தமிழ் எண்கள் இருக்கும். ௧ என்பது க போலவும், ௨ உ போலவும், ௫ ரு போலவும், ௬ சு போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் தெரியும். ‘கஅஎசு’ என்று பொருளில்லாத ஒரு சொல் இருப்பதாகத் தோன்றினால் அது ௧௮௭௬, அதாவது 1876. இன்னும் பழைய முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள் உண்டு: ௰, ௱, ௲. அந்த முறையில் 1899 என்பது ௲௮௱௯௰௯. தேதியின் பக்கத்தில் வரும் ௳ நாளுக்கும், ௴ மாதத்துக்கும், ௵ வருடத்துக்கும் உரிய குறிகள். ௸ என்றால் ‘மேற்படி’. அந்தக் குறி இருந்தால் மேல்வரியில் உள்ள ஊரோ பெயரோ இங்கேயும் தொடர்கிறது என்று பொருள்.

வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை நினைவில் வையுங்கள். ‘விகாரி’ என்றால் 1899 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், 1959-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். பக்கத்துப் பதிவுகளை வைத்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும்.

தெற்கே கொல்லம் ஆண்டும் புழங்கியது. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் 1040, 1075, 1090 போன்ற எண்களைக் கண்டால் திகைக்க வேண்டாம். ஆவணி முதல் மார்கழியின் முற்பகுதிவரை என்றால் 824, அதற்குப் பிறகு ஆடி வரை என்றால் 825 கூட்டுங்கள். கொல்லம் 1075 ஆவணி என்பது 1899. மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறிவிடுவதால் அந்த மாதத்துத் தேதிகளை மட்டும் இரண்டு ஆண்டுகளிலும் தேடிப் பாருங்கள்.

பழைய கையெழுத்தில் புள்ளி விடுபட்டிருக்கும், எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். வாசிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள். வயதான ஓர் உபதேசியார் (கிராமத்துச் சபை ஊழியர்) அதை ஒரு பார்வையில் படித்துவிடுவார்.

4. பின்னோக்கிப் போகாதீர்கள், கடைசிப் பெயரைப் பிடியுங்கள்

நூலின் முதல் உரிமையாளர் யார் என்று தேடத்தான் எல்லாருக்கும் ஆசை. அந்த ஆசையை ஒதுக்கி வையுங்கள். நமக்கு வேண்டியது இன்று உயிரோடிருக்கும் ஒருவர். ஆகவே, கடைசியாக எழுதப்பட்ட கல்யாணம் அல்லது கடைசிப் பிறப்பு எது என்று பாருங்கள். அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னோக்கி நடக்க வேண்டும்.

நான் முக்கியமாகக் கருதுவது இதுதான்: வேதாகமம் பெண் வழியாகப் பயணம் போகும். கல்யாணத்தில் சபை கொடுக்கும் நூலும், பெற்றோர் மகளுக்குக் கொடுத்தனுப்பும் நூலும் அவளோடு புகுந்த வீட்டுக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் இருப்பது அவள் தகப்பனார் பெயர், நடுத்தாளில் இருப்பது அவள் பிள்ளைகளின் பெயர். ஆண்களின் தலைப்பெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு தலைமுறையிலேயே கதவு அடைபட்டுவிடும்.

தலைப்பெழுத்தே ஒரு பெரிய சோதனை. தகப்பன் சாமுவேல் என்றால் மகனுக்கு சா. அந்த மகனின் பெயர் தேவசகாயம் என்றால் பேரனுக்கு தே. குடும்பப் பெயர் என்று ஒன்று தொடர்ந்து வராது. ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்து மாறிவிடும்: யோசேப்பின் மகன் தமிழில் யோ., ஆங்கிலத்தில் ஜே. ஒருவரே யோவான், ஜான் என்று இரண்டாகவும், மரியாள், மேரி என்று இரண்டாகவும் ஏடுகளில் வருவார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பவும் வரும். ஆகவே பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் நான்கும் சேர்ந்து பொருந்தினாலொழிய ஆள் கிடைத்துவிட்டார் என்று முடிவு செய்யாதீர்கள். பெயரும் தகப்பன் பெயரும் அப்படியே பொருந்தும் இரண்டு பேர் ஒரே கிராமத்தில் இருப்பது தெற்கே சாதாரணம்.

5. எந்தச் சபையின் ஏடு என்று கண்டுபிடியுங்கள்

ஊர்ப்பெயர் கிடைத்ததும் அந்த ஊர் அன்று எந்த மிஷனைச் சேர்ந்தது, இன்று எந்தத் திருமண்டலத்தில் (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) இருக்கிறது என்று பாருங்கள். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி, பாளையங்கோட்டை எல்லாம் அன்றைய திருநெல்வேலி. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது, பின்பு தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமும் பிரிந்தது. ஆகவே ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று எழுதியிருப்பதை வைத்து இன்றைய திருநெல்வேலியில் மட்டும் தேடினால் பாதி ஊர்களை விட்டுவிடுவீர்கள். மயிலாடி, நெய்யூர், நாகர்கோவில் என்றால் லண்டன் மிஷன், இன்றைய கன்னியாகுமரித் திருமண்டலம். மதுரை, இராமநாதபுரம் பக்கமும் யாழ்ப்பாணமும் என்றால் அமெரிக்க மிஷனை முதலில் பாருங்கள், அங்கே வேறு மிஷன்களும் இருந்தன. தரங்கம்பாடி, தஞ்சை என்றால் தமிழ் சுவிசேஷ லுத்தரன் சபையையும் கணக்கில் எடுங்கள்.

1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது மிஷன்களின் பெயர் மறைந்தது, ஏடுகள் அந்தந்த ஆலயத்திலேயே தங்கின. ஆனால் பிற்பாடு ஒரு கிராமம் தனிச் சேகரமாகப் பிரிந்திருந்தால், பிரிவதற்கு முந்தைய ஏடு தாய்ச் சேகரத்தில் இருக்கும். இப்போதைய ஆலயத்தில் ‘அவ்வளவு பழசு இங்கே இல்லை’ என்றால் உடனே திரும்பிவிடாமல், ‘பிரிவதற்கு முன் எந்தச் சேகரம்?’ என்று கேளுங்கள்.

6. சேகரத்துக்குப் போகும் முன்

கையில் கொண்டு போக வேண்டியவை: உங்கள் ஆதார் நகல், ஒரு பக்கத்தில் எழுதிய வேண்டுகோள் கடிதம், குறிப்புப் பக்கத்தின் தெளிவான ஜெராக்ஸ், நீங்கள் தேடும் ஒரே ஒரு பதிவின் விவரம். மூல நூலைக் கொண்டு போகாதீர்கள். கைமாறிப் பார்க்கும்போது தாள்கள் உதிரும்.

கடிதத்தில் மூன்று விஷயம் போதும்: நூல் எப்படிக் கிடைத்தது, யாரைத் தேடுகிறீர்கள், நூலைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. கடைசி வரி மிக அவசியம். பழைய ஏட்டைக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் சொத்து வழக்குக்காகவோ சாதிச் சான்றுக்காகவோ வருவதால் ஐயர்மார் (சபைப் போதகர்கள்) எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அது நியாயமும்கூட. நான் முதலில் போன ஓர் இடத்தில் கடிதத்தைப் படிக்காமலே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கோபப்படாமல் சபையின் மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு திரும்பப் போவதே வழி.

ஞாயிறு வேண்டாம். தவக்காலம், கிறிஸ்துமஸ், அசனப் பண்டிகை (சபை விருந்து), மே மாதக் கல்யாண நாட்கள் வேண்டாம். வார நடுவில் காலை நேரம் நல்லது. போவதற்கு முன் போன் செய்யுங்கள். ஐயர் வெளியே போயிருந்தால் ஐயரம்மாவிடம் (அவர் மனைவியிடம்) விவரம் சொல்லி நேரம் கேளுங்கள்.

ஏட்டைத் தேடிக் கொடுக்கக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். முதலிலேயே கேட்டு, சபை ரசீதோடு கட்டுங்கள். யார் கையிலும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடலாமே என்று யாராவது சொல்வார்கள். சபைப் பதிவேடுகளுக்கு அது செல்லாது, மனுவைப் பார்த்ததும் மூடிய கதவு திறக்கவே திறக்காது.

7. எந்த ஏட்டில் என்ன கிடைக்கும்

கல்யாணப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். 1872-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எழுதிய ஏட்டில் மணமக்கள் வயது, தொழில், குடியிருப்பு, இருவருடைய தகப்பனார் பெயர், சாட்சிகள் கையெழுத்து எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் தாய்மாமனோ அண்ணனோ போட்ட கையெழுத்தாக இருக்கும், அடுத்த தேடலுக்கு அவர் பெயர் உதவும். பெண் வீட்டுச் சபை, மாப்பிள்ளை வீட்டுச் சபை இரண்டிலும் கேளுங்கள். கல்யாணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு.

கன்னியாகுமரிக்கு மட்டும் ஒரு விலக்கு. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால் அந்தச் சட்டம் அன்று அங்கே பொருந்தவில்லை. மற்ற இடங்களைப் போல அரசிடம் போன படிவ நகல் அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆலய ஏடுதான் ஒரே துணை.

ஞானஸ்நான ஏட்டில் ஞானப் பெற்றோர் பெயர் இருக்கும். திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு) பட்டியலில் பதின்வயதுப் பிள்ளைகள் அந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார்கள் என்று தெரியும், குடும்பம் இடம் பெயர்ந்த காலத்தை அதை வைத்துக் கணிக்கலாம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் உங்களுக்கு வேலை பாதி: ஒருவரின் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே பிற்பாடு நடந்த அவர் திருமணத்தையும் குறிக்க வேண்டும் என்பது திருச்சபை விதி.

இணையத்தில் பேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கலாம். பிபிஸ் என்னும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் பட்டியலையும் இலவசமாகத் தேடலாம். ஆனால் அவற்றில் உள்ளவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். நம் கிராமத்துக் குடும்பம் அங்கே இல்லை என்பதால் எங்குமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பணம் கட்டும் தளங்களுக்கு இந்த வேலையில் தேவையே வராது. யாழ்ப்பாணக் குடும்பம் என்றால் ‘நூலகம்’ என்னும் இணையத் தளத்தில், இறந்தவர் நினைவாக அச்சிட்ட நினைவு மலர்களைத் தேடுங்கள், மூன்று தலைமுறை உறவுமுறை ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும்.

8. கல்லறைத் தோட்டம்

ஏடு கொடுக்காததைச் சில நேரம் கல் கொடுக்கும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதற்குக் கீழே தகப்பன் பெயரும், யார் கல் நாட்டினார்கள் என்பதும் இருக்கும். ஒரே குழியில் அடுத்தடுத்த தலைமுறையை அடக்கியிருந்தால் பெயர்கள் ஒரே பலகையில் வரிசையாக வரும். உங்கள் நூலில் உள்ள பெயரும், நூலில் இல்லாத பேரப்பிள்ளையின் பெயரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கல்லில் சுண்ணாம்புக்கட்டி தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படமெடுங்கள்.

போவதற்குச் சிறந்த நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சீர்திருத்தச் சபையாரிலும் பலர் அன்று வருகிறார்கள். குடும்பங்கள் கல்லைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நீங்கள் தேடும் கல்லுக்கு அன்று யாராவது வந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். யாரும் வராவிட்டால் பக்கத்துக் கல்லுக்கு வந்தவர்களிடம் ‘இந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போ எங்கே இருக்காங்க?’ என்று கேளுங்கள். ஜெபம் முடியும்வரை காத்திருந்து கேளுங்கள்.

9. குடும்பத்தை அணுகுவதும் உறுதி செய்வதும்

சபை வாட்ஸ்அப் குழுவில் செய்தி போடும்போது முழுப் பக்கத்தையும் படமாகப் போடாதீர்கள். அட்டையின் படம், ஊர், தோராயமான காலம், ஒரே ஒரு பெயர் போதும். குறைந்தது ஒரு பதிவையாவது வெளியே சொல்லாமல் வைத்திருங்கள். ‘எங்கள் வீட்டுடையதுதான்’ என்று வருகிறவரிடம் ‘மூன்றாவது பிள்ளையின் பெயர் என்ன, சிறுவயதில் தவறியது யார்?’ என்று கேட்க அதுவே உதவும். பழம்பொருள் வாங்கி விற்பவர்களும் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வருவது உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் முதல் மனைவியின் பெயர், பிறந்தவுடன் இறந்த பிள்ளை, மதம் மாறிய நாள், சில நேரம் சாதிப் பெயர்கூட இருக்கும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறிஸ்தவராக மாறினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவதால், தாத்தாவின் ஞானஸ்நானத் தேதி இன்றைய பேரனின் சாதிச் சான்றிதழைத் தொடும். அதை ஊருக்குக் காட்டும் உரிமை உங்களுக்கும் எனக்கும் இல்லை. குடும்பத்திடம் மட்டும் காட்டுங்கள்.

பல கிளைகள் உரிமை கேட்டால், கடைசிப் பதிவு யாருடைய கையெழுத்தோ அவர் வழியினருக்கு நூலைக் கொடுத்து, மற்றவர்களுக்கு எல்லாப் பக்கங்களின் படத்தையும் அனுப்புவதே சண்டை இல்லாத வழி. அதை எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

10. ஒப்படைத்தல்

முடிந்தால் நேரில் கொடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். செருகியிருந்த துண்டுகளை எந்தப் பக்கத்தில் இருந்தன என்ற பட்டியலோடு தனி உறையில் கொடுங்கள். வாங்கிக்கொண்டவரின் பெயர், தேதி, உறவுமுறை எழுதி ஒரு தாளில் இருவரும் கையெழுத்திடுங்கள்.

ஒருவரும் கிடைக்காவிட்டால் அந்தச் சேகரத்திடமோ, மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி போன்ற இடங்களிலோ எழுதிக் கேளுங்கள். உங்கள் தேடல் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

குடும்பம் மலேசியாவிலோ கனடாவிலோ இருந்தால் அவசரப்பட்டுப் பார்சல் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் நூறாண்டு கடந்த பொருட்களையும், எழுபத்தைந்தாண்டு கடந்த மதிப்புள்ள கையெழுத்து ஆவணங்களையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. சுங்கத்தில் சந்தேகம் வந்தால் நூல் அங்கேயே நின்றுவிடும். முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கிடைக்குமா என்று கேளுங்கள். சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. நூலின் எல்லாப் பக்கப் படங்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். சான்று கிடைக்காவிட்டால், ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவர் பெயரை அந்தக் குடும்பத்திடமே எழுத்தில் வாங்கி, அவரிடம் ஒப்படையுங்கள்.